திட்டிக் கொடுத்த பாலிசிகள்

எங்கள் அத்தை சண்டைக்காரி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. மறைத்தால்தான் அவள் சண்டைக்கு வருவாள். நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்தால் முழங்கால், சர்க்கரை, வெளிநாட்டுப் பேரன் என்று பேச்சு ஒரு சுற்று வந்து, கடைசியில் "அந்தக் காலத்துப் பொம்பளைங்க எவ்வளவு அடக்கம்!" என்கிற இடத்தில் நிற்கும். நான் உடனே அத்தையை இழுத்துக்கொண்டு வந்து நடுவில் நிறுத்திவிடுவேன். இப்போதும் அதைத்தான் செய்யப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஐந்தாவது படித்த வருஷம் அது. ஓசூரில் ரயில்வே கேட்டுக்கு அப்பால் லைன் வீடுகளில் குடியிருந்தோம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஃபேக்டரிக்காரர். ஒரு வீட்டில் தெலுங்கு, அடுத்ததில் கன்னடம், கடைசி ரூமில் திருநெல்வேலிப் பையன்கள் ஆறேழு பேர். மார்கழிப் பனிக்குள்ளிருந்து முதலில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் வரும்; பஸ் அப்புறம் வரும். அப்பா ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அவர் சட்டையில் எப்போதும் கட்டிங் ஆயில் வாசனை. அம்மா எத்தனை தடவை அடித்துத் துவைத்தாலும் அது போகாது. சாயங்காலமானால் ராயக்கோட்டையிலிருந்து வரும் தக்காளி லாரிகள் கேட்டுக்கு முன்னால் வரிசையாக நிற்கும். நசுங்கின தக்காளியின் புளித்த வாடையும் அந்த ஆயில் வாசனையும் கலந்ததுதான் என் சின்ன வயசு. இன்றைக்கு மேம்பாலத்தில் பறக்கிறவர்களிடம் அந்த லைன் வீடுகளைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

வைகாசியில் அத்தை வந்தாள். பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறி, ஒரு ட்ரங்குப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். அப்பாவுக்கு ஒரே தங்கை. "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறியாம்மா?" என்று அப்பா கேட்டார். "பாக்கலாம்ணா" என்றாள் அத்தை. அவ்வளவுதான். பெட்டி உள்ளே வந்தது, போகவில்லை.

வந்த வாரமே பால்காரரோடு ஒரு சண்டை, வீட்டுக்காரம்மாவோடு ஒரு சண்டை. அத்தை கெட்ட வார்த்தை பேச மாட்டாள். எதிராளி எதை மறைக்கிறாரோ அதைத் தெரு கேட்கச் சொல்லிவிடுவாள், அவ்வளவுதான். வீட்டுக்காரம்மா கன்னடமும் தமிழும் கலந்து, "ஹோக்லி பிடம்மா, போனாப் போவுது" என்று தானே இறங்கி வந்துவிடுவார்.

"இந்த வாயாலதான் வாழ்க்கையக் கெடுத்துக்கிட்டா" என்று அப்பா அம்மாவிடம் சொல்வார். எல்லாருமே அப்படித்தான் நினைத்தார்கள். அத்தையின் புருஷன், எனக்கு மாமா, பாலக்கோட்டில் உரக்கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்தால் நடக்கிற சத்தம்கூடக் கேட்காது. சோறு போதுமா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார். இப்படிப்பட்ட சாதுவுக்கு இந்த வாய் வந்து வாய்த்ததே என்று ஊரே அவருக்காக வருத்தப்பட்டது. அம்மா மட்டும் வருத்தப்படவில்லை. அம்மா அத்தைக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவள். அவளுக்கு என்ன தெரிந்திருந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

ஆனியில் ஒரு நாள் அப்பாவைப் பார்க்க ஓர் இன்சூரன்ஸ் ஆபீசர் வந்தார். ஏஜென்டுகளைப் பிடித்து வேலைக்குச் சேர்ப்பது அவர் உத்தியோகம். அப்பா ஷிப்ட் முடிந்து வரவில்லை. அத்தை அவரை வாசலிலேயே நிறுத்தி விசாரித்தாள்.

"இந்த ஏஜென்ட் வேலைக்கு என்னா படிச்சிருக்கணும்?"

"பத்தாவது பாஸ் போதும்மா."

"நான் பாஸ். சம்பளம் எவ்ளோ?"

"சம்பளம்னு கிடையாதும்மா. கமிஷன். எவ்வளவு பிசினஸ் பண்றீங்களோ அவ்வளவு."

"ஓ, ராயக்கோட்டை மண்டியில தக்காளிக்கு எடுக்கறாங்களே, அந்த மாதிரியா?"

ஆபீசரின் முகம் வாடிவிட்டது. தன் உத்தியோகத்தை யாரும் தக்காளியோடு சேர்த்துப் பேசி அவர் கேட்டதில்லை போலிருக்கிறது. ஆனாலும் பெண் ஏஜென்டுகள் கிடைக்காத காலம். விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்பா கேட்டுவிட்டுச் சிரித்தார். பத்து நாள் கழித்து மாமாவின் பெரியப்பா பாலக்கோட்டிலிருந்து பேச்சுவார்த்தைக்கு வந்தபோது அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, சொன்ன சொல் மாறாதவர் என்று பெயரெடுத்த பெரியவர். "எப்ப அனுப்பறீங்க?" என்றார். அப்பா தலை குனிந்துகொண்டார். அத்தை அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"நான் இங்கயே ஒரு வேலை பாக்கலாம்னு இருக்கேன். சொந்தக் கால்ல நிப்பேன். அண்ணனுக்குப் பாரமா இருக்க மாட்டேன்."

"என்னா வேலை?"

அத்தை சொன்னாள். வருஷத்துக்குள் பன்னிரண்டு பேரைச் சேர்க்க வேண்டும், சேர்க்காவிட்டால் ஏஜென்சி போய்விடும் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். பெரியவருக்கு அது வசதியாகப் போயிற்று.

"வருஷமெல்லாம் காத்திருக்க முடியாதும்மா. தை பொறந்ததும் காரு எடுத்துனு வருவோம். அது திரும்பிக் கெளம்பறதுக்குள்ள பன்னெண்டு பேரு சேந்தா நீ இங்கயே இரு, நாங்க தொந்தரவு பண்ண மாட்டோம். ஒண்ணு கொறைஞ்சாலும் பொட்டியக் கட்டினு எங்களோட வரணும். சரியா?"

இந்த வாய்க்கு ஒருத்தன்கூடச் சேர மாட்டான் என்று அவர் கணக்குப் போட்டார். அப்பாவும் அதே கணக்கைத்தான் போட்டார், தங்கை நல்லதுக்குத்தான் என்று நம்பிக்கொண்டு. அத்தை "சரிங்க" என்றாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். அத்தை வந்த பிறகுதான் பள்ளிக்கூடத்தில் என் பென்சிலை யாரும் பிடுங்குவதில்லை.

ஆபீசர் பயிற்சி கொடுத்தார். அதற்காக அத்தை பெரிய ஆபீஸ் இருந்த சேலம்வரைக்கும் போகவில்லை. கிருஷ்ணகிரியில் ஒரு ஹாலில் ஃபேனுக்குக் கீழே நாலு நாள். திரும்பி வரும்போது ஒரு கறுப்பு ரெக்ஸின் பையும், முகத்தில் ஒரு புதுச் சிரிப்பும் இருந்தன. எப்போதும் புன்னகை. எப்போதும் இனிய சொல். 'செத்துட்டா' என்று வாயில் வரவே கூடாது. 'எதிர்பாராதது ஏதாவது நடந்தா' என்றுதான் சொல்ல வேண்டும். ஆபீசரின் கட்டளைகள் இவை. ட்ரங்குப் பெட்டிமேல் என்னை வாடிக்கையாளராக உட்கார வைத்து அத்தை ஒத்திகை பார்ப்பாள். "வணக்கம் சார். தங்கள் அன்பான குடும்பத்தின் எதிர்காலம் குறித்து இரண்டு நிமிடம் பேசலாமா?" எனக்குச் சிரிப்பு வரும். அம்மாவுக்குப் பயம் வரும். உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து அத்தை தொழிலை ஆரம்பித்தாள். வெறுங்கையோடு போகக் கூடாது என்று அம்மா ஒரு தட்டில் மஞ்சள் குங்குமம், வெற்றிலை பாக்கு, வாழைப்பழம் எல்லாம் வைத்துக் கொடுத்தாள். அத்தை பட்டுச் சேலை கட்டி, தலை நிறைய கனகாம்பரம் வைத்து, அந்தச் சிரிப்பையும் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். அம்மா வீட்டில் வந்து இருந்துவிட்டுப் புருஷன் வீட்டுக்குத் திரும்புகிற பெண், தட்டெடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டு வருவாள். போகிற வீட்டில் குங்குமம் வைத்து, ஜாக்கெட் துணி கொடுத்து, புத்தி சொல்லி அனுப்புவார்கள். இது எங்கள் மூன்று பேருக்கும் எப்படி மறந்துபோயிற்று என்று இன்றைக்கும் புரியவில்லை.

முதல் வீட்டில் அத்தை வாயைத் திறந்து "வணக்கம்" என்றதுமே அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது. "கெளம்பிட்டியா தாயி? நல்லா இரு. இனிமே அந்த வாய மட்டும் கொஞ்சம் அடக்கிக்க" என்று குங்குமம் வைத்துவிட்டார். அத்தை, "அதில்லீங்க, தங்கள் அன்பான குடும்பத்தின் எதிர்காலம்" என்று தொடங்கினாள். "என் குடும்பத்த நான் பாத்துக்கறேன், நீ உன் குடும்பத்தப் பாரு" என்று ஒரு ஜாக்கெட் துணி தட்டில் விழுந்தது. அடுத்த வீட்டிலும் அதுவே. அதற்கடுத்த வீட்டில் தெலுங்கில். அத்தை எவ்வளவுக்கு இனிமையாகப் பேசினாளோ அவ்வளவுக்கு அவர்கள் சந்தேகமே இல்லாமல் நம்பினார்கள்: பெண் திருந்திவிட்டது, புருஷன் வீட்டுக்குப் போகிறது. லைன் முழுக்க அன்றைக்கு ஒரே சந்தோஷம்.

முனையில் மளிகைக்கடை வைத்திருந்த பாயின் வீட்டம்மா மட்டும் தட்டைப் பார்த்தார், அத்தையின் முகத்தைப் பார்த்தார், உள்ளே உட்கார வைத்து டீ கொடுத்தார். பாயம்மா என்றுதான் அவரை எல்லாரும் கூப்பிடுவோம்.

"நெஜமாவே போறியா புள்ள? உனக்குப் போவ இஷ்டமா?"

"நான் எங்கயும் போவலக்கா. பாலிசி சொல்ல வந்தேன்."

பாயம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இப்பிடி நைசா பேசினா யாருக்குத் தெரியும்? நீ திட்டாம பேசறப்ப யாரோ மாதிரி இருக்குது. எனக்கே பயமா இருக்குது."

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் ஒரு பாலிசிகூட இல்லை, கட்டில் நிறைய ஜாக்கெட் துணி இருந்தது. தெருவில் நாலு பேர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "நல்ல முடிவு எடுத்தீங்க" என்று வேறு சொல்லிவிட்டார்கள். அவர் உண்மை என்று நம்பி மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தார். அத்தை அதைச் சாப்பிடவில்லை. அழவும் இல்லை. துணிகளை நிறவாரியாக மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் முழுக்க நான் போட்ட பாவாடை சட்டை எல்லாம் அந்தத் துணிகளில் அம்மா தைத்ததுதான். கை ஒரு நிறம், உடம்பு ஒரு நிறம். பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள். அதில் ஒன்றாவது இப்போது கையில் இருந்தால் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருப்பேன்.

இரண்டு வாரம் அத்தை சிரித்துக்கொண்டே தோற்றாள். ஃபேக்டரி கேட்டில் ஷிப்ட் விடும்போது போய் நின்று பார்த்தாள். கம்பெனி பஸ்ஸில் சீட் பிடிக்க ஓடுகிறவர்களிடம் இனிய சொல்லுக்கு என்ன மரியாதை? பிறகுதான் அந்தத் தண்ணி லாரி வந்தது.

ஓசூரில் அப்போது தண்ணீர்க் கஷ்டம் எப்படி என்று நமக்குத் தெரியும். லாரி ஹாரன் கேட்டால் குடங்கள் தெருவில் பறக்கும். அன்று காலை, நாலாவது வீட்டு லேத் ஆபரேட்டர், நைட் ஷிப்ட் முடித்துவிட்டு மொபெட்டில் தூங்கி வழிந்துகொண்டு வந்தவர், வண்டியை அப்படியே வரிசைக்கு நடுவில் விட்டார். ஒரு குடம் உருண்டு, ஒரு குழந்தை விழப் பார்த்தது. அவர் பெண்டாட்டி எட்டு மாசக் கர்ப்பத்தோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

"கண்ணு தெரியலையா?" என்றாள் அத்தை. ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தக் குரல்.

"உனக்கென்னா? புருஷன விட்டுட்டு வந்து அண்ணன் வீட்ல குந்தினு சாப்புடற. ராத்திரியெல்லாம் மெஷின்ல நின்னு பாரு, தெரியும்" என்றார் அவர்.

அத்தை குடத்தைக் கீழே வைத்தாள்.

"ஆமாப்பா. எனக்கு ஒரு அண்ணன் இருக்காரு. பொட்டியோட வந்து நின்னேன், கதவத் தொறந்தாரு. இவளுக்கு அண்ணன் இருக்கானா? அப்பன் ஆத்தா இருக்காங்களா? நீ தூங்கினே வண்டி ஓட்டற, தூங்கினே மெஷின் ஓட்டற. நாளைக்கு நீ செத்துட்டா இவ வயித்தையும் தூக்கினு எந்த வாசல்ல போயி நிப்பா? சொல்லு. அந்த வாசல எனக்குக் காட்டு, நான் வாய மூடிக்கறேன்."

செத்துட்டா. ஆபீசர் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார். லாரிக் குழாயைப் பிடித்திருந்தவன் தண்ணீர் தரையில் கொட்டுவதைக்கூடப் பார்க்கவில்லை. லேத் ஆபரேட்டர் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் அவரும் அவர் பெண்டாட்டியும் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று அப்பா சைக்கிள் பம்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். அவர் தலையைச் சொறிந்துகொண்டு அத்தையிடம் கேட்டார்: "அக்கா, அந்தப் பாலிசி பாலிசின்னு சொல்லினு இருந்தீங்களே. அது என்னான்னு கொஞ்சம் சொல்லுங்க."

அதுதான் முதல் பாலிசி. அவர் கையெழுத்துப் போடும்போது கார்பன் பேப்பரை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். முதல் பாலிசி என்று அத்தை வாயைக் குறைக்கவில்லை. "நாமினின்னு உங்கம்மா பேரப் போடற? கட்டிக்கினது உங்கம்மாவையா?" என்று மாற்றி எழுத வைத்தாள். போகும்போது அவர் பெண்டாட்டி அத்தையின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அப்புறம் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். பெண்டாட்டிமார்கள் வர ஆரம்பித்தார்கள். தங்களால் சொல்ல முடியாததை எல்லாம் சொல்ல ஓர் ஆள் கிடைத்துவிட்டது என்று லைனில் தெரிந்துபோயிற்று. "அக்கா, நாளைக்கு அவருக்கு வீக்லி ஆஃப். வந்து நாலு திட்டு திட்டிட்டுப் போங்கக்கா" என்று அடுப்படி வழியாக வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். அத்தை மறுநாள் போவாள். வீட்டுக்குள் நுழையும்போதே ஆரம்பித்துவிடுவாள். ஹெல்மெட் இல்லாமல் பெங்களூர் ரோட்டில் போகிறவர், நெஞ்சு வலியை வாயு என்று சொல்லித் திரிகிறவர், பர்கூரில் கிரானைட் குவாரிக்கு லாரி ஓட்டுகிறவர், எல்லாரையும் திட்டினாள். ஃபேக்டரியில் சூப்பர்வைசர் திட்டினால் முறைக்கிற ஆம்பிளைகள், அத்தை திட்டும்போது தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். தன்னைப் பற்றி இவ்வளவு அக்கறையாக யாரும் திட்டியதில்லை என்பதாலோ என்னவோ.

ஆனால் எல்லாரையும் சேர்த்துக்கொள்ள மாட்டாள். கடைசி வீட்டுக்காரர் பெரிய தொகைக்குப் போட ஆசைப்பட்டார். "உன் சம்பளத்துக்கு ரெண்டு தவணை கட்டுவ, மூணாவது தவணைக்கு என்னப் பாத்தா ஓடுவ. சின்னதாப் போடு" என்று பாதியாகக் குறைத்தாள். ஆபீசர் இதைக் கேள்விப்பட்டு ஓடி வந்தார்.

"கஸ்டமர்கிட்ட இப்படியாம்மா பேசறது? அதுவும் பிசினஸைக் குறைக்கிற ஏஜென்டை நான் பார்த்ததே இல்லையே!"

"உங்க மாதிரி பேசினேன் சார். ஜாக்கெட் துணிதான் கெடச்சுது" என்றாள் அத்தை.

ஆயுத பூஜைக்கு அப்பா கம்பெனியில் குடும்பத்தோடு உள்ளே விட்டார்கள். மெஷினுக்கெல்லாம் சந்தனப் பொட்டு, வாழைக்கன்று, சீரியல் லைட். பொரியும் கடலையும் பொட்டலம் பொட்டலமாகக் கொடுத்தார்கள். நீலச் சட்டைக்காரர்கள் அத்தையைக் கண்டதும், "அய்யோ, அக்கா வந்துட்டாங்க" என்று ஒரு மெஷினுக்குப் பின்னால் ஒளிய, அவர்கள் பெண்டாட்டிமார்களே காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். சிரிப்புச் சத்தத்தில் நாதஸ்வர ரெக்கார்டு கேட்கவில்லை. அப்பா ஸ்டோர் ரூம் வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் அவரிடம் வந்து, "உங்க சிஸ்டரா?" என்று கேட்டார். "ஆமா சார், என் தங்கச்சி" என்றார் அப்பா. அதை அவர் சொன்ன விதத்தை நான் கவனித்தேன். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும், "தை வருதும்மா" என்றுதான் சொன்னார்.

மார்கழிக் கடைசியில் பதினொன்று ஆகிவிட்டது. பன்னிரண்டாவது ஆள் தயாராக இருந்தான்: கடைசி ரூம் திருநெல்வேலிப் பையன்களில் ஒருவன். ஊரில் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "நான் என்னக்கா செஞ்சேன், என்னையப் போட்டு இப்படி ஏசுதிய?" என்று கேட்டுவிட்டு, பொங்கலுக்கு முன்னால் கையெழுத்துப் போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான்.

அங்கேதான் அத்தை ஏமாந்தாள். நம் ஓசூர் பொங்கலுக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது; பாலக்கோட்டில் பொங்கலுக்கு ஊருக்கு வருவார்கள், ஊரை விட்டுப் போக மாட்டார்கள். போகிக்கு முந்தின நாளே கம்பெனிகளில் லீவு விட்டு, தெற்குப் பக்கம் போகிற பஸ்ஸெல்லாம் கூரைவரை நிறைந்து, ஊரே காலியாகிவிட்டது. எவனோ சீட் இருக்கிறது என்று கூப்பிட, அந்தப் பையனும் ஷிப்ட் முடிந்த கையோடு ஏறிப் போய்விட்டான். ரூமில் பூட்டு தொங்கிற்று. அத்தை பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள், நானும் ஓடினேன். பஸ் போன இடத்தில் டீசல் புகைதான் இருந்தது. மற்ற வீடுகளிலும் பூட்டு. திட்டுவதற்குக்கூட ஓர் ஆம்பிளை மிச்சமில்லை.

பொங்கல் முடிந்த கையோடு வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள்: பெரியவர், மாமா, மாமாவின் அக்கா. சந்தன நிற அம்பாசடர் கார். டிரைவர் வேப்பமரத்து நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து காலை வெளியே போட்டுக்கொண்டு ஸ்டீயரிங்மேல் தலையைச் சாய்த்துவிட்டார்.

"எத்தினி ஆச்சு?" என்றார் பெரியவர்.

"பதினொண்ணு" என்றாள் அத்தை.

"பதினொண்ணா!" அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். ஆனால் சொல் மாறாதவர். "பரவால்லியே. ஆனா பேச்சுன்னா பேச்சும்மா. பன்னெண்டு இல்ல. பொட்டிய எடுத்துக்க."

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் வலித்தன. அப்பா அவசரமாக எழுந்தார். அவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. அந்த நேரத்தில் அது பெரிய உபகாரமாக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"மாப்ளைக்கே ஒரு பாலிசி போட்டுட்டா என்னா? பன்னெண்டு ஆயிடும். ஏஜென்சியும் நிக்கும். அங்க போயி அந்த வேலையவே பாக்கட்டும். ரெண்டு பக்கமும் நல்லதுதானே?"

மாமா முதல்முறையாக வாயைத் திறந்தார். "போட்டுக்கட்டும்" என்றார், லேசாகச் சிரித்துக்கொண்டு.

அத்தை அவரைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

"வேணாம்ணா. பதினொரு பேருக்கும் பாலிசி எழுதினேன். ஒவ்வொருத்தருக்கும் எழுதறப்ப, இந்த ஆளு நூறு வருஷம் இருக்கணும், இவன் பொண்டாட்டி இந்தப் பணத்த வாங்கவே கூடாதுன்னு நெனச்சுத்தான் எழுதினேன். அதனாலதான் அவ்ளோ திட்டினேன். இவர நான் திட்டினதே இல்ல. கேளு, இங்கயே இருக்காரு. அந்த வீட்டுக்குப் போன நாள்லேர்ந்து நான் வாயே தொறந்ததில்ல. தொறந்தா அடி. தொறக்கலன்னாலும் அடி. இவரு நூறு வருஷம் இருக்கணும்னு என் மனசுல வரலண்ணா. பொய்யா ஒரு பாலிசி எழுத மாட்டேன்."

மாமாவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அப்பா நின்றவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். தங்கையின் வாய்தான் அவள் வாழ்க்கையைக் கெடுத்தது என்று இத்தனை மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர். அவர் முகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பார்த்ததில்லை. பெரியவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். "என்னா இருந்தாலும்" என்று ஆரம்பித்து, "பேச்சுன்னா பேச்சும்மா" என்று பழைய இடத்துக்கே வந்துவிட்டார்.

"தெரியும்" என்றாள் அத்தை. ரெக்ஸின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனாள்.

காரில் ஏறத்தான் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தோம். மாமாவின் அக்கா ட்ரங்குப் பெட்டியைத் தூக்கப் போனார். அம்மா விசும்பினாள். நான் வெளியே ஓடினேன்.

அத்தை காரின் பின்கதவுக்குப் போகவில்லை. முன்பக்கம் போய், தூங்கிக்கொண்டிருந்த டிரைவரின் தோளைத் தட்டினாள்.

"ஏம்ப்பா, இப்பிடித் தூங்கினேதான் பாலக்கோட்டுலேர்ந்து ஓட்டினு வந்தியா?"

அவர் அலறியடித்துக்கொண்டு எழுந்தார். "இல்லீங்கம்மா. போகிலேர்ந்து தூக்கமே இல்ல. சீசன் வாடகை, சேலத்துக்கும் தருமபுரிக்கும் நாலஞ்சு நடை. தொப்பூர் கணவாய் ஏறி எறங்கி, ஏறி எறங்கி..."

"தொப்பூர்ல எத்தினி வண்டி உருண்டு கெடக்குதுன்னு பாத்ததில்லையா நீ? வீட்ல யாரு யாரு?"

"ரெண்டு பொண்ணு. அவங்கம்மா."

"நீ உருண்டா அந்த ரெண்டு பொண்ணும் எங்க போவும்? காருக்கு இன்சூரன்ஸ் இருக்குதா?"

"இருக்குதுங்கம்மா, ஓனர் போட்டிருக்காரு."

"காருக்கு இருக்குது. ஓட்டறவனுக்கு இல்ல. வெக்கமா இல்ல உனக்கு?"

டிரைவர் தூக்கக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். பிறகு சட்டைப் பைக்குள் கையை விட்டார். "என்னாம்மா வேணும் அதுக்கு?"

"வயசுக்கு ஒரு அத்தாட்சி வேணும். முதல் தவணை வேணும்."

லைசென்ஸ் வந்தது. அன்றைய வாடகைக்கு மாமா கொடுத்திருந்த முன்பணமும் அதே பையிலிருந்து வந்தது. நான் ஓடிப்போய் அத்தைக்குப் பேனா மூடியைத் திறந்து கொடுத்தேன். கார் பானட்டின்மேல் விண்ணப்பத்தை விரித்து, அத்தை எழுத ஆரம்பித்தாள். பெயர். அப்பா பெயர். பிறந்த தேதி. அதற்குள் வாசலில் எல்லாரும் வந்து நின்றுவிட்டார்கள். பெரியவர் படியிறங்கி வந்து, பானட்டை எட்டிப் பார்த்தார்.

"நெஜமாவே போடறியாப்பா?"

"ஆமாங்க பெரியவரே."

பெரியவர் தலையாட்டினார். விரலைக்கூட மடக்கவில்லை, மனதுக்குள்ளேயே பன்னிரண்டு என்று எண்ணிவிட்டார் போலிருக்கிறது. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா, மாமாவின் அக்கா கையிலிருந்து ட்ரங்குப் பெட்டியை வாங்கி உள்ளே கொண்டுபோனாள். அப்பா வாசற்படியில் குறுக்கே வந்து நின்றுகொண்டார், இனிமேல் அந்தப் பெட்டிக்காக யார் வந்தாலும் தன்னைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதுபோல.

மாமா பின்சீட்டில் ஏறி, கதவை ஓங்கிச் சாத்தினார். கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டினார்.

"டிரைவர்! வண்டிய எடு."

டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கொஞ்சம் இருங்க சார். அம்மா பேசினு இருக்காங்க இல்ல?"

நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, உள்ளே உட்கார்ந்து, காத்திருந்தார். அத்தை அவசரப்படவே இல்லை. பேனாவை ஒரு உதறு உதறிவிட்டு, டிரைவரிடம் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.